பட்டம் வென்றவருக்கு ஏன் ஓட்டு விழவில்லை?

சதுரங்கம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்

கல்லூரி மாணவர், திருமங்கலம்: பத்து வருடம் உலக சாம்பியனாக இருந்த அனதோலி கார்போவ், 2010இல் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் பதவிக்கு நின்று தோற்றார் என்று படித்தேன். போர்டில் அவரைச் சாய்க்க உலகமே திணறியது. ஓட்டில் எப்படி ஐயா தோற்றார்? ஓட்டுக்குக் காசு என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி ஒரு 'ஃபார்முலா' பேசுவார்களே, அது மாதிரிதானா?

தம்பி, 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு உங்கள் ஊர்ப் பெயர் படுகிற பாடு எனக்கும் வருத்தம்தான். சான்று இல்லாமல் அந்தப் பேச்சைச் சதுரங்கத்துக்குள் நான் இழுத்து வருவதில்லை. அது இல்லாமலே இந்தத் தேர்தலைப் புரிந்துகொள்ளலாம்.

ஃபிடே தேர்தலில் ஆட்டக்காரர்களுக்கு ஓட்டுக் கிடையாது. ஒவ்வொரு நாட்டுச் சம்மேளனமும் ஒரு பிரதிநிதியை அனுப்பும். அவர் கையில் ஒரு ஓட்டு. நம் ஊராட்சி ஒன்றியத் தலைவர் தேர்தலை நினைத்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் கவுன்சிலருக்குப் போடுவார்கள், கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நாள் நெருங்கினால் கவுன்சிலர்களை வேனில் ஏற்றிக் கொடைக்கானலில் கொண்டுபோய் வைத்திருந்த கதைகளை நாம் கேட்காமலா இருக்கிறோம்? நூற்றைம்பது பேர் சேர்ந்து முடிவு செய்கிற தேர்தலில் புகழ் ஓரளவுக்குத்தான் உதவும். அந்த நூற்றைம்பது பேரில் ஒவ்வொருவருக்கும் என்ன தேவை என்று தெரிந்தவர் கை ஓங்கும்.

கார்போவ் தாம் நிற்பதாக அறிவித்தது 2010 மார்ச்சில். தேர்தல் செப்டம்பர் 29ஆம் தேதி, சைபீரியாவில் காந்தி-மான்சிஸ்க் நகரத்தில், நாடுகள் அணி அணியாக மோதும் செஸ் ஒலிம்பியாட் நடந்துகொண்டிருந்தபோது. எதிரே நின்றவர் கிர்சான் இல்யும்ஜினோவ், 1995 முதல் தலைவர். ரஷ்யாவுக்குள் இருக்கும் கல்மீகியா என்ற குடியரசின் அதிபராகவும் இருந்தவர். எலிஸ்தா நகரத்தில் சதுரங்கத்துக்கென்று ஒரு பேட்டையையே கட்டி, 1998 ஒலிம்பியாடை அங்கே நடத்தினார். 1997இல் வேற்றுக்கிரகவாசிகள் தம்மை விண்கலத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னவரும் இவர்தான். அதையும் அந்தத் தேர்தல் வருடத்திலேயே சொன்னார்.

கார்போவின் பக்கம், 1985இல் அவரிடமிருந்தே உலகப் பட்டத்தைப் பறித்த காஸ்பரோவ் நின்றார். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்த இருவரும் 1984 முதல் 1990 வரை உலகப் பட்டத்துக்காக ஐந்து முறை மோதி 144 ஆட்டம் ஆடியவர்கள். முதல் மோதல் மட்டும் ஐந்து மாதம், 48 ஆட்டம். அதில் 40 டிரா. கார்போவ் 5க்கு 3 என்று முன்னிலையில் இருக்கும்போது அப்போதைய ஃபிடே தலைவர் கேம்போமேனஸ் போட்டியையே நிறுத்திவிட்டார். இருவருக்கும் அதில் மனக்கசப்பு. கார்போவ் சோவியத் அரசின் செல்லப்பிள்ளை, காஸ்பரோவ் முரண்டு பிடித்தவர் என்று உலகம் பேசியது. அப்படிப்பட்ட காஸ்பரோவை 2007 நவம்பரில் மாஸ்கோவில் ஓர் ஊர்வலத்துக்காகப் பிடித்து 5 நாள் உள்ளே வைத்தார்கள். கார்போவ் அவரைப் பார்க்கச் சிறை வாசலுக்குப் போனார். உள்ளே விடவில்லை. ஆனாலும் போனார். மூன்று வருடம் கழித்து காஸ்பரோவ் அவருக்காக ஓட்டுக் கேட்டுக் கிளம்பியதை இந்த வாசல் காட்சியோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். எனக்குக் கார்போவின் ஆட்டத்தை விட அந்தச் சிறைப் பயணத்தின் மேல் மரியாதை அதிகம்.

ஆனால் சொந்த நாட்டிலேயே சிக்கல். ரஷ்யச் சம்மேளனத்தின் வேட்பாளர் யார் என்பதிலேயே இரண்டு தரப்பு. சம்மேளனத்தின் மேற்பார்வைக் குழுத் தலைவராக இருந்த அர்க்காதி த்வார்கோவிச், அதிபரின் உதவியாளர், இல்யும்ஜினோவ் பக்கம் நின்றார். கார்போவுக்கு மேற்கு ஐரோப்பாவின் பெரிய சம்மேளனங்கள் தோள் கொடுத்தன. எண்ணிப் பார்த்தபோது இல்யும்ஜினோவ் 95, கார்போவ் 55.

ஆறேழு மாதப் பிரசாரம், எதிரே 15 வருடப் பழக்கம். கூட்டிக் கழித்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. கார்போவ் சொன்னதெல்லாம் உண்மை என்றே நான் நம்புகிறேன். நிர்வாகம் வெளிப்படையாக இல்லை, பெரிய நிறுவனங்கள் விளம்பரம் தர முன்வருவதில்லை, ஆட்டத்தின் மதிப்பு இறங்குகிறது என்றார். ஆனால் இது மேல்தட்டு ஆட்டக்காரர்களின் குறை. ஆட்ட நேரத்தை அளக்கிற செஸ் கிளாக் வாங்கக் காசில்லாத சம்மேளனத்துப் பிரதிநிதிக்கு அந்தப் பேச்சில் தன் ஊர் தென்பட்டிருக்காது.

வாசகி, அண்ணாநகர், மதுரை: காஸ்பரோவும் பிறகு நின்றாராமே?

2014 ஆகஸ்டில், நார்வேயின் ட்ரோம்சோவில். அதே இல்யும்ஜினோவிடம் 110க்கு 61 என்று தோற்றார். கார்போவை விட ஆறு ஓட்டு அதிகம் வாங்கினார், வித்தியாசமும் அதிகமாகிவிட்டது.

இவர் தோல்வியில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஓட்டுத் திரட்டுவது சம்பந்தமாக அப்போதைய ஃபிடே பொதுச் செயலாளரோடு இவர் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் தேர்தலுக்கு முன்பே வெளியே வந்தது. ஃபிடேயின் நன்னடத்தைக் குழு 2015இல் இருவருக்கும் 2 வருடத் தடை போட்டது. தம்மை எதிர்த்தவரைப் பழிவாங்கினார்கள் என்று காஸ்பரோவின் அன்பர்கள் சொல்லலாம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். வீடு கூட்ட வந்தவர் செருப்புக் காலோடு உள்ளே வரலாமா?

பள்ளி ஆசிரியை, மேலூர்: உலக சாம்பியனாக இருந்தவர் யாருமே ஃபிடே தலைவர் ஆனதில்லையா?

ஆகியிருக்கிறார். ஒரே ஒருவர். நெதர்லாந்தின் மாக்ஸ் யூவே. நீங்களும் ஆசிரியை என்பதால் சந்தோஷமாகச் சொல்கிறேன், அவர் நம் ஜாதி: பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஆம்ஸ்டர்டாமில் பெண் பிள்ளைகள் படித்த பள்ளி. அந்த வேலையில் இருந்துகொண்டே 1935இல் அலெக்கைனை 15½க்கு 14½ என்று வென்று உலகப் பட்டம் வாங்கினார். இரண்டு வருடத்தில் மறு போட்டிக்குச் சம்மதித்துப் பட்டத்தை அதே அலெக்கைனிடம் இழந்தார். அலெக்கைனோ, தாம் 1927இல் பட்டம் பறித்த காப்பாபிளாங்காவுக்குக் கடைசி வரை மறு போட்டி தரவில்லை. இந்த ஒரு வேறுபாட்டை என் மாணவர்களிடம் வருடா வருடம் சொல்லியிருக்கிறேன்.

1970இல் யூவே தலைவரானபோது வயது 69. 1978 வரை இருந்தார். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று நாடு நாடாகப் பயணம் போனார். போன இடத்தில் ஒரே நேரத்தில் பல பேரோடு ஆடிக் காட்டுவார், சங்கம் இல்லாத நாட்டில் சங்கம் தொடங்க வழி சொல்வார். அவர் காலத்தில் ஃபிடேயில் சேர்ந்த நாடுகள் பல.

1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் உலகப் பட்டத்துக்காகச் சோவியத்தின் ஸ்பாஸ்கியோடு ஆட வேண்டிய அமெரிக்கர் ஃபிஷர் குறித்த நாளில் வந்து சேரவில்லை. விதிப்படி அவரை வெளியே தள்ளியிருக்கலாம். யூவே இரண்டு நாள் தள்ளிவைத்தார். சோவியத் தரப்பு கொதித்தது. ஆமாம், நான் விதியை மீறித்தான் தள்ளிவைத்தேன் என்று எழுதியே கொடுத்துவிட்டார். அந்த எழுத்து இல்லையென்றால் நூற்றாண்டின் போட்டி என்று நாம் கொண்டாடுகிற அந்தப் போட்டியே நடந்திருக்காது. மூன்று வருடம் கழித்து அதே ஃபிஷர் பட்டத்தைக் காக்க வரமாட்டேன் என்றபோது, 1975 ஏப்ரலில், ஆடாமலே பட்டத்தைக் கார்போவுக்கு அறிவித்ததும் அதே யூவேதான். அன்றைக்கு 23 வயதுப் பையன் கார்போவ். அறிவித்தவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குத் தாமும் ஒரு நாள் கை நீட்டுவோம் என்று அவர் நினைத்திருப்பாரா!

யூவேக்கு அடுத்து வந்த ஃப்ரித்ரிக் ஓலாஃப்சன் ஐஸ்லாந்தின் கிராண்ட்மாஸ்டர், அருமையான ஆட்டக்காரர். ஒரே தவணை. 1982இல் லூசெர்னில் கேம்போமேனஸிடம் தோற்றார். கேம்போமேனஸ் பிலிப்பைன்ஸ்காரர். ஃபிடேயைப் பல வருடம் ஐரோப்பியர்களே நடத்திவந்தார்கள். எங்களையும் பார்க்க ஒருவர் வந்தாரே என்று சின்ன நாடுகள் அவர் பின்னால் போனதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். பின்னால் என்ன நடந்தது என்பது வேறு கதை.

வாசகர், பேரையூர்: ரஷ்யாவுக்கும் ஒரு ஓட்டு, பத்து ஆட்டக்காரர் கூட இல்லாத தீவுக்கும் ஒரு ஓட்டு. இது எந்த ஊர் நியாயம்? கிராண்ட்மாஸ்டர் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி ஓட்டுக் கொடுத்தால் கார்போவ் ஜெயித்திருப்பார் அல்லவா?

ஜெயித்திருக்கலாம். அப்படி ஜெயிப்பதை நான் விரும்பமாட்டேன்.

நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மானுவல் ஆரோன் 1961இல் நம் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார், அது கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே உள்ள பட்டம். அதற்குப் பிறகு முதல் கிராண்ட்மாஸ்டரைப் பார்க்க நமக்கு 1988 வரை ஆனது, ஆனந்த் வந்தார். 1987இல் உங்கள் கணக்குப்படி ஓட்டுப் போட்டிருந்தால் இந்தியாவின் கையில் பூஜ்யம்.

2022 ஆகஸ்டில் மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்கு நான்கு மாணவர்களோடு போயிருந்தேன். வைகை எக்ஸ்பிரஸில் எழும்பூர், அங்கிருந்து பஸ். பையன்கள் கார்ல்சனையும் குகேஷையும் பார்க்க முண்டியடித்தார்கள். நான் கடைசி வரிசை மேசைகளுக்குப் போய் நின்றேன். அங்கே தேடி வந்து பார்க்க ஆள் இல்லை. ஓர் ஆட்டக்காரர், நாற்பது வயது இருக்கும், யானையும் சிப்பாயும் மிஞ்சிய முடிவாட்டத்தில் தோற்கிற பக்கம். அரை மணி நேரம் விடவில்லை. தோற்ற பிறகு எதிராளியோடு கை குலுக்கிவிட்டு, ஸ்கோர் ஷீட்டில் தம் பிரதியை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார். ஊருக்குப் போய் யாருக்கோ காட்டப் போகிறார். அந்த நாட்டுக்கு ஓட்டு இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

மருந்துக்கடை ஊழியர், செல்லூர்: ஆனந்த் ஃபிடே தலைவராக வர வேண்டும் என்று நினைக்கிறீர்களா?

மனசார நினைக்கிறேன். 2022 ஆகஸ்ட் 7ஆம் தேதி சென்னையில் நடந்த பொதுச்சபையில் த்வார்கோவிச் 157க்கு 16 என்று மீண்டும் ஜெயித்தார். 2010இல் கார்போவுக்கு எதிர்ப்பக்கம் நின்றார் என்று மேலே சொன்னேனே, அதே த்வார்கோவிச்தான், 2018 முதல் தலைவர். ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு புகுந்த வருடம் அது. ஒலிம்பியாடே ரஷ்யாவை விட்டுப் பிடுங்கப்பட்டு நம் ஊருக்கு வந்தது. அப்படிப்பட்ட வருடத்தில் ஒரு ரஷ்யருக்கு இத்தனை ஓட்டு விழுந்ததற்கு, பக்கத்தில் ஆனந்த் துணைத் தலைவராக நின்றதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஐந்து முறை உலகப் பட்டம் வாங்கியவர் இரண்டாம் நாற்காலியில் ஏன் உட்கார வேண்டும் என்று அப்போது என்னிடம் கோபப்பட்டவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கார்போவும் காஸ்பரோவும் நேரே தலைவர் நாற்காலிக்கு வந்தார்கள். ஆனந்த் கூட்டங்களில் உட்கார்கிறார், சின்னச் சம்மேளனங்கள் கொண்டுவருகிற குறைகளைக் கேட்கிற இடத்தில் இருக்கிறார். அதைச் சில வருடம் செய்தவர் பிறகு ஓட்டுக் கேட்டு வந்தால், சாம்பியன் என்பதற்காக மட்டும் போட வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது.

வாசகர், வாடிப்பட்டி: போன இதழில் "என் ஆசானுக்கு எதிராக நானே ஓட்டுப் போட்டவன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். என்ன நடந்தது?

எழுதும்போதே யாராவது கேட்பீர்கள் என்று தெரியும்.

1986. சோழவந்தானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வேலை பார்த்தேன். சாயங்காலம் வாசகசாலைத் திண்ணையில் செஸ். மொத்தம் இரண்டு செட். ஒன்றில் கறுப்பு யானை ஒன்று தொலைந்து போயிருந்தது. சுற்றிலும் கொடிக்கால், வெற்றிலை பாக்குக்குப் பஞ்சமில்லை. அந்தக் கட்டத்தில் ஒரு கொட்டைப்பாக்கை வைத்து ஆடினோம். கிளாக் கிடையாது. போட்டி வைத்தால் என் வீட்டு அலாரம் டைம்பீஸை நடுவில் வைத்து, யாருக்கு எத்தனை நிமிடம் போனது என்று சிலேட்டில் குறிப்பேன்.

மதுரையில் போட்டி என்றால் பையன்களைக் கூட்டிப் போவேன். நன்றாக ஆடுவார்கள், நேரத்தில் தோற்பார்கள். காயை நகர்த்தியதும் கிளாக்கை அமுக்க வேண்டும் என்பது கைக்குப் பழகவில்லை. ஒருவன், எட்டாம் வகுப்பு, குதிரை ஒன்று அதிகமாக வைத்திருந்தான். இன்னும் பத்து நகர்த்தலில் முடித்திருப்பான். கிளாக்கில் அவன் பக்கத்துச் சிவப்புக் கொடி முள்ளின் மேல் ஏறி நிற்பதை நான் தூரத்திலிருந்து பார்க்கிறேன், வாய் திறந்து சொல்ல முடியாது. கொடி விழுந்தது, அவன் நேரம் முடிந்தது. எதிராளி கையைக் காட்டினான். இவன் போர்டைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். என்ன நடந்தது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் நாங்கள் சேர்ந்திருந்த சங்கத்துக்குத் தேர்தல். பெயர் வேண்டாம். தலைவர் பதவிக்கு நின்றவர் என் ஆசான். மாநில அளவில் பட்டம் வாங்கியவர். ரூய் லோபஸ் திறப்பை எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் உட்கார்ந்து, போர்டு இல்லாமல், வாயாலேயே. அவர் "குதிரை எஃப் மூணு" என்றால் என் கண்ணில் குதிரை போய் நிற்கும். எதிரே நின்றவர் கீழமாசி வீதியில் மொத்த வியாபாரி. காய் நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான்.

தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு அந்த வியாபாரி எங்கள் ஊருக்கு வந்தார். திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பையன்கள் ஆடுவதைப் பார்த்தார். கொட்டைப்பாக்கைக் கையில் எடுத்து, "இது என்ன வாத்தியாரே?" என்றார். சொன்னேன். டைம்பீஸைப் பார்த்தார். தேர்தல் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நாள் கழித்துக் கண்டக்டர் ஓர் அட்டைப்பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஆறு கிளாக். மரக் கூடு, சாவி கொடுக்கிற வகை. பையன்கள் அன்று ராத்திரி வரை செஸ் ஆடவே இல்லை, மாறி மாறிக் கிளாக்கை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜ் மாடியில் கூட்டம். சீட்டில் பெயர் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பேனாவை எடுத்ததும் ஆடி வீதிதான் ஞாபகம் வந்தது. பிறகு அந்த எட்டாம் வகுப்புப் பையன் முகம். வியாபாரி பெயரை எழுதினேன். 19க்கு 11. ஆசான் தோற்றார்.

மாடிப்படியில் இறங்கும்போது தோளில் ஆசானின் கை விழுந்தது. டீக்கடைக்குக் கூட்டிப் போனார். "யாருக்குப் போட்டேன்னு நான் கேக்கப் போறதில்ல. உங்க ஊர்ல என்ன கொற, அதச் சொல்லு" என்றார். கிளாக், சிலேட்டு, கொட்டைப்பாக்கு, எல்லாம் சொன்னேன். "ஏன்டா, இத்தன வருசமா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

டீ ஆடை கட்டும் வரை கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே வைத்துவிட்டுக் காசு கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் எங்கள் ஊரில் வந்து இறங்கினார், கையில் மஞ்சள் பை. திண்ணையில் உட்கார்ந்து, பைக்குள் கைவிட்டு, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். அவர் செட்டிலிருந்த கறுப்பு யானை. கொட்டைப்பாக்கை எடுத்துவிட்டு அந்தக் கட்டத்தில் வைத்தார். எங்கள் காய்களை விட அரை அங்குலம் உயரம். நான் அந்த ஊரை விட்டு மாறுதலாகிப் போகும் வரை பையன்கள் அதை வைத்துத்தான் ஆடினார்கள். அவர் தம் செட்டில் அந்த இடத்தில் எதை வைத்துக்கொண்டார் என்று நானும் கேட்கவில்லை.